கொழும்பில் பார்க்காமல் விட்ட பந்து

சேசு மரி சூசை துணை

மந்தைவெளி,
31-3-1948, புதன்கிழமை.

அன்பு மகன் பிலிப்புக்கு அம்மா எழுதுவது. நானும் ஐரின் டீச்சரும் உன் சிநேகிதர்கள் இருவரும் சர்வேசுரன் கிருபையால் நல்லபடியாகக் கடல் தாண்டிப் போய் நல்லபடியாகவே நேற்றுக் காலை வந்து சேர்ந்தோம். அங்கே உனக்குச் சாயந்திரச் சுரம் எப்படி, இருமல் எப்படி, எடை கூடியதா என்று மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் எழுது, போன தடவை மாதிரி மூன்றையும் சேர்த்து ‘சுகம்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதே. இங்கே வெயில் ஏறிவிட்டது, கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. எதிர்வீட்டு ஹாஜிரா பீ நான் ஊரில் இல்லாதபோது நம் கோழிகளுக்குத் தீனி போட்டுப் பார்த்துக்கொண்டாள், அதில் ஒரு பெட்டை அவள் வீடே மேல் என்று அங்கேயே தங்கிவிட்டது, திருப்பிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நீ எந்த விஷயத்துக்காக இந்தக் கடிதத்தைப் பிரிப்பாய் என்று எனக்குத் தெரியும். மதனப்பள்ளி க்ஷயரோக ஆஸ்பத்திரி டாக்டர் அனுப்பிய சம்மதக் காகிதம் என் மேஜைமேல் மூன்று வாரமாக இருக்கிறது. உன் வலது பக்கத்து விலா எலும்புகள் சிலவற்றை எடுத்து, புண்பட்ட நுரையீரலை ஒடுக்கி ஓய்வு கொடுக்கும் ஆபரேஷனுக்கு நீயும் கையெழுத்துப் போடவேண்டும், வீட்டாராக நானும் போடவேண்டும் என்கிறார்கள். போடாதே அம்மா என்று நீ எழுதினாய். கொழும்பு போய் வந்து சொல்கிறேன் என்று நான் எழுதினேன். வந்துவிட்டேன், சொல்கிறேன், ஆனால் நடந்ததை வரிசையாகச் சொல்லாமல் என்னால் அந்த இடத்துக்கு வரமுடியாது, பொறுமையாகப் படி.

இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் ஆடக் கப்பலில் போகும் ஆஸ்திரேலியக்காரர்கள் வழியில் கொழும்பில் ஒரே ஒரு பகல் இறங்கி ஆடுவார்கள், அவர்களுடைய தலைவர் நம் ஊருக்கு ஒருநாளும் வரப்போவதில்லை, ஆகையால் நாம்தான் போகவேண்டும் என்று நீயும் ராஜநாயகமும் வடிவேலுவும் போன வருஷமெல்லாம் பேசிக்கொண்டிருந்தீர்கள். நீ படுத்துக்கொண்டதும் அவர்கள் இருவரும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டார்கள். அப்போதுதான் உன் கடிதம் வந்தது, என் இடத்தில் அம்மா போகட்டும், அம்மா பார்த்தால் நான் பார்த்த மாதிரி, அவளுக்குப் பார்த்ததை எழுதத் தெரியும் என்று. அந்த வரிக்காகத்தான் போனேன். முப்பத்தேழு வயதில் கணவன் இல்லாத ஒருத்தி இரண்டு வாலிபர்களோடு கடல் தாண்டிப் பந்தாட்டம் பார்க்கப் போகிறாள், அதுவும் பெரிய வாரத்தில் என்றால் சாந்தோம் முழுவதும் என்ன பேசும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. எங்கள் பள்ளிக்கூடத்து ஐரின் துணைக்கு வருகிறேன் என்றதும் பேச்சு பாதியாகக் குறைந்தது, மீதிப் பாதியை ஐரினே எல்லாரிடமும் பேசித் தீர்த்துவிட்டாள். பங்குச் சாமியாரிடம் உத்தரவு கேட்கப் போனேன். பெரிய வியாழன் பூசை கண்டுவிட்டுத்தான் வண்டி ஏறவேண்டும், பெரிய வெள்ளிக்கிழமை ஒருசந்தி உபவாசம் தவறக்கூடாது, உயிர்த்த ஞாயிறு பூசையைக் கொழும்பிலாவது காணவேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு நான் எழுந்து கதவுவரை வந்த பிறகு, அந்தத் தலைவர் நிச்சயமாக ஆடுகிறார்தானே என்று கேட்டார்.

வியாழக்கிழமை சாயந்திரம் எழும்பூரில் ஏறினோம். மறுநாள் காலை முழுவதும் வடிவேலுவின் பொட்டலம் எங்களைச் சோதித்தது. எங்கள் சாமிக்கு மீன் ஆட்சேபணை இல்லை என்று ராஜநாயகம் எப்போதோ சொன்னதை நினைவில் வைத்து, வடிவேலுவின் அம்மா முனியம்மாள் பட்டினப்பாக்கத்தில் புறப்பட்ட அன்றைக்குப் பிடித்த வஞ்சிரத்தை வறுத்துக் கட்டிக் கொடுத்திருந்தாள். மீனுக்கு ஆட்சேபணை இல்லை, வேளைக்குத்தான் ஆட்சேபணை, ஒருசந்தி நாளில் பகல் பன்னிரண்டுக்கு முன்னால் வாயில் வைக்கக்கூடாது என்று ஐரின் விளக்கினாள். அவன் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, “இன்னா டீச்சரம்மா, வாசனைக்கு ஒண்ணும் பாவம் இல்லியே” என்றான். நீ சாப்பிடடா என்று எவ்வளவு சொல்லியும் எங்களோடு அவனும் பட்டினி இருந்தான். பாம்பன் பாலத்தில் வண்டி ஆள் நடக்கிற வேகத்தில் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே தரை இல்லை, நேர்கீழே தண்ணீர், அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தால் அங்கேயும் தண்ணீர். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவள் நான், ஆனால் கடலை எப்போதும் ஒரு பக்கமாகவே பார்த்திருக்கிறேன், கடல் முன்னால் இருக்கும், வீடு முதுகுக்குப் பின்னால் இருக்கும். இரண்டு பக்கமும் கடலாக இருந்தபோது எதற்கு முதுகைக் காட்டுவது என்று தெரியாமல் நடுவில் நின்றேன். தனுஷ்கோடியில் கப்பல் ஏறிக் கொஞ்ச நேரத்தில் மூன்று மணி ஆயிற்று. பெரிய வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நாங்கள் கோவிலுக்கு வெளியே இருந்தது இதுவே முதல் தடவை. ஐரின் கப்பல் தட்டிலேயே சிலுவைப் பாதையை ஆரம்பித்தாள். கைப்பிடிக் கம்பியின் ஒவ்வொரு தூணும் நின்று ஜெபிக்கும் ஒரு ஸ்தலம். தோட்ட வேலைக்குப் போகிற குடும்பங்கள் சில கீழே உட்கார்ந்திருந்தன, அவர்களும் எழுந்து எங்களோடு தூணுக்குத் தூண் வந்தார்கள். வடிவேலு முன்னால் நடந்து, “கம்பிய புடிச்சிக்கினு முட்டி போடுங்க டீச்சரம்மா, இது ஆட்ற ஆட்டத்துல கைய வுட்டீங்கன்னா மீதி ஜெபம் கடலுக்குள்ளதான்” என்று எச்சரித்துக்கொண்டே வந்தான். முழங்காலில் இயந்திரத்தின் அதிர்வு ஏறிற்று. கரை எந்தத் திசையிலும் இல்லை, வானம் விளிம்புவரை இறங்கியிருந்தது, அதற்கு நடுவில் நாங்கள் இத்தனை சிறியவர்களாக இருந்தும் எங்கள் குரல் எங்களுக்குக் கேட்டது. உனக்காக ஒன்று கேட்கலாம் என்று வாயெடுத்தேன். ஆபரேஷன் நடக்கட்டும் என்று கேட்பதா, நடக்கவேண்டாம் என்று கேட்பதா என்று தெரியவில்லை. உன் பெயரை மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

சனிக்கிழமை காலை கொழும்பு. அங்கே சுதந்தரம் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, சில வீடுகளில் கட்டின தோரணத்தை இன்னும் அவிழ்க்கவில்லை. முகம் கழுவி நேரே மைதானத்துக்குப் போனோம். நான் சேப்பாக்கத்தில் உன்னோடு ஆட்டம் பார்த்திருக்கிறேன், அதுவே பெரிய கூட்டம் என்று நினைத்திருந்தேன். இங்கே மைதானத்தைச் சுற்றி எந்த மரத்திலும் இலையைவிட மனிதர்கள் அதிகம். சாரம் கட்டியவர்கள், கோட்டுப் போட்டவர்கள், குடை பிடித்த சீமாட்டிகள், வெற்றிலைக் கூடையோடு வந்துவிட்ட ஒரு கிழவி, எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் ஆடிய இருவரில் ஒருவர் அவுட் ஆகிப் போனார். பிறகு அவர் வந்தார். பெயர் எழுதவில்லை, நீ பெட்டி மூடிக்குள் ஒட்டிவைத்திருக்கும் படத்தில் இருக்கிறவர் என்றால் போதும். நான் உயரமான ஆளை எதிர்பார்த்திருந்தேன். நம் ராஜநாயகம் அளவுதான் இருப்பார். வாசலைவிட்டு வெளியே வந்தவர் அவசரமே இல்லாமல், வெயிலுக்குக் கண்ணைப் பழக்கிக்கொள்கிறவர் போல, மெல்ல நடந்தார். அத்தனை ஆயிரம் பேரும் எழுந்து கத்தினோம், நான் கத்தினேன் என்று ஐரின் சொல்கிறாள், எனக்கு நினைவில்லை. அவர் நடுவில் போய்ச் சேர்ந்து மட்டையைத் தரையில் ஊன்றியதும் எல்லாச் சத்தமும் நின்றது. யாரும் அடக்கவில்லை, தானாக நின்றது. திவ்விய நற்கருணை எழுந்தேற்றம் ஆகும்போது கோவிலில் வருமே ஒரு மௌனம், அதற்கு ஒப்பாக ஒன்றைக் கோவிலுக்கு வெளியே நான் இதுவரை கேட்டதில்லை, இப்படி ஒப்பிடுவது தப்பென்றால் சர்வேசுரன் மன்னிக்கட்டும். முதல் அடி எனக்குக் கண்ணில் முதலில் வந்தது, காதில் பிறகு வந்தது. பந்து எங்கள் பக்கத்து எல்லைக் கயிற்றுக்கு வந்து சேர்ந்த பிறகுகூட அவர் ஏதோ அடிக்காதவர் போலத் தலையை அசைக்காமல் நின்றிருந்தார். பந்து போடுகிறவன் கையைவிட்டுப் பந்து வந்த பிறகு அவர் கால் முதலில் நகர்கிறதா மட்டை முதலில் நகர்கிறதா, அதை மட்டும் பார்த்து எழுது, எனக்குப் பந்து போட அது தெரியவேண்டும் என்று நீ கேட்டிருந்தாயே, அதற்காக வேறெதையும் பார்க்காமல் கண் எரிகிறவரை பார்த்தேன். கால்தான் என்று எனக்குத் தோன்றியது. ராஜநாயகம் மட்டைதான் என்று சத்தியம் பண்ணுகிறான். இரண்டும் இல்லை, மொதல்ல அந்தாளு மனசு நகருது என்கிறான் வடிவேலு.

இனி நடந்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வியாழக்கிழமைப் பூசையோடு கோவில் மணிகளைக் கட்டிவிடுவார்கள் என்பதும், சனிக்கிழமைக் காலைப் பூசையில்தான் அவை திரும்ப அடிக்கும் என்பதும் உனக்குத் தெரியும். நாங்கள் ரயிலிலும் கப்பலிலும் இருந்ததால் அந்த மணியைக் கேட்கவில்லை, மூன்று நாளாகக் காது அதற்கு ஏங்கிப்போயிருந்தது. அவர் நிலைத்து ஆட ஆரம்பித்துவிட்டார், இன்றைக்கு முழுவதும் இவர்தான் என்று பக்கத்தில் இருந்த கோட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது பகல் பன்னிரண்டு. மைதானத்துக்கு அப்பால் ஏதோ ஒரு கோவிலில் மணி அடித்தது. காலையும் பகலும் மாலையும் சொல்லும் திரிகால ஜெபத்துக்கு அடிக்கிற அதே மூன்று மூன்று அடி. நான் யோசிக்கவில்லை மகனே, யோசித்திருந்தால் இருந்திருப்பேன். கை நெற்றிக்குப் போய்விட்டது. ராஜநாயகம் தொப்பியை எடுத்துவிட்டான். “நின்னுதான் சொல்லணும், பன்னெண்டோட தபசு காலம் முடிஞ்சுபோச்சு, முட்டி போடக்கூடாது” என்று ஐரின் என் முழங்கையைப் பிடித்து எழுப்பினாள். பின்னால் இருந்தவர்கள் மூன்று பாஷையில் உட்காரச் சொன்னார்கள். நாங்கள் மூவரும் எழுந்து நின்று, கண்ணை மூடி, தலை குனிந்து, தேவமாதாவுக்கு மங்களம் சொல்லிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு சத்தம் கேட்டது. கத்தல் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே சமயத்தில் மூச்சை உள்ளே இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படி. கண்ணைத் திறந்தேன். அவர் மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வந்த அதே நடையில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

அவர் எப்படி அவுட் ஆனார் என்று நாங்கள் மூவரும் பார்க்கவில்லை. இரண்டு ராத்திரி ரயிலும் ஒரு கடலும் தாண்டிப் போய், உன் கண்ணாக இருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டு போய், அந்த ஒரு பந்தின்போது கண்ணை மூடியிருந்தேன். யார் பிடித்தார், யார் பந்து என்ற ஒரு வரி பேப்பரில் வந்திருக்கும், நீ படித்திருப்பாய், ஆனால் அந்த வரிக்குள் பந்து எப்படி வந்தது, அவர் என்ன நினைத்து ஏமாந்தார் என்பது இராது, நீ கேட்கப்போவது அதைத்தான். கோட்டுக்காரரைக் கேட்டோம், அவர் நாங்கள் எழுந்து நின்று மறைத்ததால் தானும் பார்க்கவில்லை என்று கோபமாகச் சொல்லிவிட்டு வேறு இடம் போய்விட்டார். பார்த்தவன் வடிவேலு ஒருவன்தான். அவனுக்கு ஏது திரிகால ஜெபம், அவன் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். “இம்மாந்தூரம் வந்து அல்லாரும் கண்ண மூடிக்கினீங்களே, இன்னா சொல்ல” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சொல்லித் தொலைடா என்று ராஜநாயகம் சட்டையைப் பிடித்து உலுக்கினான். ஐரின் அதட்டினாள். நான் கேட்டபோது மட்டும் சிரிப்பை நிறுத்தினான். “உங்களுக்கு சொன்னா நீங்க எய்திடுவீங்க டீச்சரம்மா. அவன் படுத்துக்கினே படிச்சிட்டு அப்டியே கெடப்பான். சொல்ல மாட்டேன். அவன் எய்ந்து வந்து கேக்கட்டும், நம்ம கிரவுண்டுல நிக்க வெச்சி, பந்து எங்க பட்டுது எங்க போச்சின்னு அல்லாத்தையும் காட்டறேன்” என்றான். அதன்பின் மழை பிடித்துக்கொண்டு ஆட்டம் நின்றது, ஈரப் புடவையோடு நாங்கள் நடந்தபோது ராஜநாயகம் மிட்டாய் வாங்கிக் கொடுத்துக் கெஞ்சினான், வடிவேலு மிட்டாயைத் தின்றான், சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தோணியார் கோவிலில் பூசை கண்டோம், அங்கே பிரசங்கம் தமிழில், அல்லேலூயா கேட்டபோது ஐரின் அழுதாள். கப்பலிலும் அவன் சொல்லவில்லை, எழும்பூர் வருகிறவரை சொல்லவில்லை. நேற்றுச் சாயந்திரம் பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன். பூசை கண்டீர்களா என்று கேட்காமல், எப்படி அவுட் ஆனார் என்றுதான் முதலில் கேட்டார். திரிகால ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தோம் சாமி என்றேன். அந்த ஓவர் முடிகிறவரை தாமதித்திருந்தால் தேவமாதா கோபித்திருக்கமாட்டார்கள் என்றார்.

பிலிப், நான் வடிவேலுமேல் நான்கு நாள் கோபமாக இருந்தேன். இன்று காலையில்தான் அவன் சொன்னது புரிந்தது. நான் பார்த்தால் நீ பார்த்த மாதிரி என்று எழுதினாய், நானும் அதை நம்பிப் போனேன். அது பொய் மகனே. கண் திறந்திருந்தபோது பார்த்ததிலேயே எனக்கும் ராஜநாயகத்துக்கும் ஒத்துப்போகவில்லை. நான் எத்தனை பக்கம் எழுதினாலும் அந்த மௌனம் உன் காதில் விழாது. அந்த மரத்தில் தொத்திக்கொண்டிருந்தவர்களில் ஒருவன்கூடப் பந்து போட வந்தவன் இல்லை, வெற்றிலைக் கிழவி மட்டை பிடிக்க வரவில்லை, பார்க்க வந்தார்கள், பார்த்து உயிர் சிலிர்த்துப் போனார்கள். பார்ப்பது இவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு இதற்கு முன் தெரியாது. ஆபரேஷனுக்குப் பிறகு வலது தோள் சரிந்துவிடும், நீ பழையபடி பந்து போடமுடியாது என்று டாக்டர் எனக்கும் தெளிவாக எழுதியிருக்கிறார். அதற்கு ஆறுதல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, இருப்பதுபோல எழுதவும் மாட்டேன். பந்து போட முடியாத கை எனக்கு எதற்கு, இப்படியே படுத்திருந்து பார்க்கிறேன் என்றாய். உன் அப்பாவும் இதே நோயில் பொறுமையாகப் படுத்திருந்துதான் பார்த்தார். அப்போது இந்த ஆபரேஷன் இங்கே இல்லை, அதனால் யாரும் அவரைக் கேட்கவில்லை. உன்னைக் கேட்கிறார்கள். மேஜையில் வைத்துக் கத்தி போடுகிறபோதே என்னவாவது ஆகிவிட்டால் என்று நினைக்காத நேரம் எனக்கு இல்லை, மூன்று வாரம் பேனாவை எடுக்காமல் இருந்தது உனக்காக மட்டும் இல்லை, என் பயத்துக்காகவும்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் என்ன ஆகும் என்பதைத்தான் பார்த்துவிட்டு வந்திருக்கிறேனே. இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீ வேண்டாம் என்று கேட்டும் போட்டேன், கோபித்துக்கொள், பரவாயில்லை. டாக்டருக்குத் தனியாக அனுப்பாமல் இந்த உறையிலேயே வைத்திருக்கிறேன், ஏனென்றால் என் பெயருக்கு மேலே உன் பெயருக்கு இருக்கிற இடம் காலியாகத்தான் இருக்கிறது, அதை என்னாலும் நிரப்பமுடியாது, டாக்டராலும் முடியாது. சனிக்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நான் வெள்ளிக்கிழமை ராத்திரி வண்டியில் புறப்பட்டு வருகிறேன், நீ போட்டிருந்தாலும் வருவேன், போடாவிட்டாலும் வருவேன்.

சர்வேசுரனும் தேவமாதாவும் உன் படுக்கையருகே காவலாக இருக்கட்டும், உன் மூச்சை எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும். ஐரின் டீச்சர் உனக்கு ஆசீர்வாதம் சொல்லச் சொன்னாள், ராஜநாயகம் தனியாக எழுதுகிறானாம், வடிவேலு ஒன்றும் எழுதமாட்டானாம். பாலை ஆறவைத்து ஏடு படிய விட்டுவிட்டுக் குடிக்கமுடியவில்லை என்று சொல்லாதே, சூடாகவே குடி. காகிதத்தில் கையெழுத்துப் போடும்போது பெயரை முழுதாக எழுது, கீழே தேதி போடவேண்டும், அதை நீ எப்போதும் மறப்பாய்.

உன் அம்மா,
மர்சலின்